பொருள்: சேலை சம்பந்தமாக

காலையில் ஆபீசுக்கு வந்து, ஃபேனைப் போட்டு, கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பியதும் நீங்கள் செய்கிற முதல் காரியம் என்ன? கொலை. டீ வருவதற்குள் குறைந்தது இருபது பேரைத் தீர்த்துக்கட்டுகிறீர்கள். எங்கோ எவனோ ஒருவன் நகத்தைக் கடித்துக்கொண்டு, மேனேஜரிடம் திட்டு வாங்கிக்கொண்டு, மூன்று தரம் திருத்தி எழுதி அனுப்பிய மெயிலை நீங்கள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மேலே இருக்கிற ஒற்றை வரியைப் பார்க்கிறீர்கள். டிலீட். அடுத்த ஆள்.

அந்த ஒற்றை வரிக்கு சப்ஜெக்ட் லைன் என்று பெயர். வியாபாரக் கம்பெனிகளில் இதை எழுதுவதற்கென்றே ஏ.சி. ரூமில் ஆட்களை உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். 'ஒரு வரிக்குச் சம்பளமா!' என்று வாயைப் பிளக்க வேண்டாம். பத்து பாரா எழுதுவது சுலபம். ஒரு வரி எழுதிப் பாருங்கள், தெரியும்.

இது ஏதோ அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்தால் தப்பு. நம் பக்கத்தில் கடுதாசி வருகிற காலத்திலேயே உண்டு. கவரின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம். மூலையில் கறுப்பு மை இருந்தால் துக்கம். வாசலில் நின்றே படித்து, கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட தபால்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போடுவதற்குள் விஷயத்தைத் தெரிந்துகொண்டு விடுவாள். கவரைத் திறக்காமலே உள்ளே இருப்பது புரிய வேண்டும், புரிந்தது பொய்யாக இருக்கக் கூடாது. இந்த இரண்டு விதியும் மஞ்சளிலேயே இருக்கிறது.

தந்தி இன்னொரு ரகம். வார்த்தைக்கு இத்தனை காசு என்று கணக்கு என்பதால் தந்தி முழுவதுமே சப்ஜெக்ட் லைன்தான். 'அப்பா சீரியஸ், உடனே புறப்படு.' இந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு நம் முன்னோர் வாங்கிய லீவுகளைக் கணக்கெடுத்தால் அரசாங்கமே ஆடிப்போகும். 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடிவிட்டார்கள். சீரியஸான அப்பாக்கள் எல்லாம் அன்றைக்குக் குணமாகிவிட்டார்கள்.

ஆனால் கடிதம் என்று வந்துவிட்டால் நம் சுபாவமே வேறு. 'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்து, மழை இல்லை, கண்மாய் வறண்டு கிடக்கிறது, செவலைப் பசு சினை, பெரியப்பாவுக்கு முட்டிவலி என்று இன்லண்டு லெட்டர் முழுக்கச் சுற்றிவிட்டு, ஒட்டுகிற மடிப்பில், பசைக்குப் பக்கத்தில், 'பி.கு: ஐநூறு ரூபாய் அனுப்பவும்' என்று முடிப்போம். சப்ஜெக்ட் லைனை வாலில் வைத்த இனம் நாம். அதனால்தான் நம் பையன்களுக்கு மெயில் எழுத வராமல் திண்டாடுகிறார்கள்.

* * *

இந்த விஷயத்தில் எனக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். மேனேஜ்மென்ட் காலேஜில் அல்ல, திருச்சுழியில், தாலுகா ஆபீஸ் பக்கம் மர நிழலில். ஒரு மடக்கு மேஜை, ஒரு கட்டு வெள்ளைத் தாள், இரண்டு பேனா. மனு எழுதிக் கொடுப்பவர்.

2017 ஜனவரியில் தமிழ்நாட்டை வறட்சி மாநிலமாக அறிவித்திருந்த சமயம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியெல்லாம் சீமைக் கருவேலம் மட்டும்தான் பச்சை. மானாவாரி நிலங்கள் கருகிக் கிடந்தன. பெரியவரின் மேஜையைச் சுற்றி அன்றைக்கு நல்ல கூட்டம். நரிக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, கையில் மஞ்சப்பையை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். புருஷன் செத்தது, ஆடு செத்தது, கொழுந்தன் பேச்சை நிறுத்தியது, நிலம் இன்னும் மாமனார் பேரிலேயே இருப்பது, நிவாரணப் பட்டியலில் தன் பெயர் வராதது. பெரியவர் 'ம்... ம்...' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் தாளை இழுத்துவைத்து, மேலே ஒரு வரி எழுதினார்:

'பொருள்: பட்டா பெயர் மாற்றம் கோருதல் – தொடர்பாக.'

எனக்குச் சப்பென்று போய்விட்டது. "என்னங்கய்யா, அந்தம்மா அவ்வளவு அழுதாங்க. 'ஏழை விதவையின் கண்ணீர்' அப்படி இப்படின்னு போடலாமில்ல?" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "தம்பி, உள்ள இருக்கிறவுக முதல்ல இந்த ஒரு வரியைத்தான் படிப்பாக. படிச்சு எந்த செக்‌ஷனுக்குப் போகணும்னு ஒதுக்குவாக. பட்டான்னா அதுக்கு ஒரு ஆளு இருக்காரு. பென்சன்னா ஒரு ஆளு இருக்காரு. கண்ணீருக்கு எந்த செக்‌ஷனுக்கு அனுப்புவாக?"

கண்ணீருக்கு எந்த செக்‌ஷன்? அதற்குப் பிறகு மெயில் மார்க்கெட்டிங் பற்றி எத்தனையோ படித்துவிட்டேன். இதற்கு மேல் ஒருத்தரும் சொல்லவில்லை. மெயில் வாங்குகிற மனுஷனும் ஒரு தாலுகா ஆபீஸ்தான். அவன் மண்டைக்குள் வேலை, வீடு, கடன், சினிமா, மாமியார் என்று செக்‌ஷன் செக்‌ஷனாக இருக்கிறது. உங்கள் வரி எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று அரை நொடியில் தெரிந்தால் பிழைத்தது. தெரியாவிட்டால் குப்பைக்கூடை. அந்த செக்‌ஷன் எப்போதும் திறந்தே இருக்கும்.

திருச்சுழிக்கும் மனு எழுதுவதற்கும் பழைய சம்பந்தம் உண்டு. போன நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் அங்கே சுந்தரம் ஐயர் என்று ஒருவர் இருந்தார். பன்னிரண்டு வயதில் கணக்கரிடம் மாசம் 2 ரூபாய்க்கு எழுத்து வேலையில் சேர்ந்து, பிறகு மனு எழுதிக் கொடுத்து, அப்புறம் பட்டம் இல்லாமலே வக்கீலாக வாதாட அனுமதி வாங்கி முன்னுக்கு வந்தவர். அவருக்கு 1879 டிசம்பர் 30-ஆம் தேதி பிறந்த பையன் வேங்கடராமன். உலகத்துக்கு ரமண மகரிஷி.

அப்பா காலமான பிறகு பையன் மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தான். 1896 ஆகஸ்ட் 29. பதினாறு வயது. அண்ணனின் காலேஜ் ஃபீஸ் கட்டக் கொடுத்த 5 ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதியையும் ஒரு சீட்டையும் வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டான். அந்தச் சீட்டு நாலைந்து வரிதான். தகப்பனைத் தேடி, அவர் உத்தரவுப்படி போகிறேன். நல்ல காரியம்தான், யாரும் வருத்தப்பட வேண்டாம். தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம். உன் ஃபீஸ் இன்னும் கட்டவில்லை, 2 ரூபாய் இதோடு இருக்கிறது. அவ்வளவுதான். 'நான்' என்று ஆரம்பித்த சீட்டு நடுவில் 'இது' என்று மாறி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வெறும் கோடாக முடிந்தது.

மகரிஷியை மார்க்கெட்டிங்குக்கு இழுக்கிறானே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கோட்டுக்கும் 'இது'வுக்கும் அர்த்தம் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் பார்ப்பது மனு எழுதுகிறவரின் பிள்ளையை. எதற்காகப் போகிறேன், நீ என்ன செய்ய வேண்டாம், பணக் கணக்கு என்ன. படிக்கிறவனுக்கு உடனே தேவையான மூன்றும் இருக்கிறது. ஒரு வார்த்தை மிச்சமில்லை. அது ரத்தத்தில் வருவது.

* * *

இனி கம்ப்யூட்டர் பக்கம். இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே முதல் மெயில் அனுப்பி, நடுவில் 'அட்' என்கிற அந்த ஜிலேபியைப் போட்டவர் ரே டாம்லின்சன். வருஷம் 1971. 1973-லேயே அனுப்புநர், தேதி, பொருள் என்று மேலே மூன்று வரி வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டார்கள். நம் தாலுகா ஆபீஸ் மனு மாதிரியேதான். ஆனால் 1982-ல் முறையாக விதி போட்டபோது அனுப்புநரும் தேதியும் கட்டாயம், பொருள் மட்டும் இஷ்டம் இருந்தால் போடலாம் என்று விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் விதி அதுதான். உங்கள் மேனேஜர் சப்ஜெக்ட் போடாமல் மெயில் அனுப்பி உயிரை வாங்குகிறார் என்றால் அவர் சட்டப்படிதான் வாங்குகிறார்.

விளம்பர மெயிலின் ஆதிபிதா அமெரிக்காவில் கேரி தூர்க். 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் புது கம்ப்யூட்டரைப் பார்க்க வாருங்கள் என்று சுமார் 400 பேருக்கு ஒரே அடியாக அனுப்பினார். விலாசங்கள் இடம் கொள்ளாமல் கடிதத்துக்குள்ளேயே வழிந்துவிட்டன. வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். 'அதனால் என்ன, ஒரு கோடி டாலருக்கு மேல் வியாபாரம் ஆயிற்றே' என்று பின்னாளில் அவரே சொல்லிக்கொண்டார். நமக்குத் தினமும் வருகிற தொல்லையெல்லாம் அந்த 400-ன் பேரன் பேத்திகள்.

உலகத்திலேயே அதிகம் வேலை செய்த சப்ஜெக்ட் லைன் எது என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வேன்: 'ஐ லவ் யூ'. 2000-ஆம் வருஷம் மே 4. உலகம் பூராவும் ஆபீஸ்களில் இந்தத் தலைப்போடு ஒரு மெயில் வந்து இறங்கியது. கூடவே காதல் கடிதம் என்று ஒரு இணைப்பு. ரிட்டயர் ஆக ஆறு மாசம் இருக்கிற சூப்பிரண்டெண்டுகள்கூட, 'யாராக இருக்கும்?' என்று சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு திறந்தார்கள். உள்ளே வைரஸ். திறந்தவரின் விலாசப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் பெயரிலேயே 'ஐ லவ் யூ' போய்விட்டது. ஜி.எம்.மிடமிருந்து பியூனுக்குப் போனது. அமெரிக்க ராணுவத் தலைமையகம், பிரிட்டிஷ் பார்லிமென்ட் எல்லாம் மெயிலையே நிறுத்திவைக்க வேண்டி வந்தது. அனுப்பிய பிலிப்பைன்ஸ் வாலிபர் மீது வழக்குப் போட அந்த ஊரில் அப்போது சட்டமே கிடையாது.

ஒரு வரி இவ்வளவு செய்யும். இவ்வளவு செய்யும் என்பதால்தான் அதில் பொய் சொல்லக் கூடாது.

* * *

பொய்க்கு வருகிறேன். என் அக்கா மகன் அருப்புக்கோட்டையில் சேலை வியாபாரம். சேலைக்குப் பேர்போன ஊர். விசைத்தறிச் சத்தம் கேட்காத தெருவைத் தேட வேண்டும். என் அத்தான் இன்னும் பிடிவாதமாகக் கைத்தறிதான். இரண்டு தறி, இரண்டு ஆள். சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர் கண்காட்சிகளில் ஸ்டால் போட்டு, வந்தவர்களிடம் ஒரு நோட்டில் பெயர், மெயில் விலாசம், 'என்ன கலர் வேண்டும்' என்று எழுதி வாங்கி வைத்திருந்தான் பையன். அறுநூறு சொச்சம் விலாசம்.

ஒரு ஆடி மாசம். சேலை தேங்கிவிட்டது. தறியில் பாவு ஓடி முடியப்போகிறது. அடுத்த பாவு போட நூல் வாங்க வேண்டும், ஆட்களுக்கு வாரக்கூலி கொடுக்க வேண்டும், கையில் காசில்லை. பையன் மெயிலில் இறங்கினான்.

முதல் வரி: 'மாபெரும் ஆடித் தள்ளுபடி!!! முந்துங்கள்!!!' ஆறு ஆச்சரியக்குறி. ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை.

இரண்டாவது: 'அருப்புக்கோட்டையிலிருந்து அன்பான வணக்கங்களுடன் தரமான கைத்தறிச் சேலைகள்'. மரியாதையான வரிதான். ஆனால் செல்போனில் முப்பது நாற்பது இங்கிலீஷ் எழுத்துக்குத்தான் இடம். நம் எழுத்து இன்னும் அகலம். 'அருப்புக்கோட்டையிலிருந்து' என்ற ஒரே வார்த்தைக்கு நம் கணக்கில் 13 எழுத்து. கம்ப்யூட்டர் கொம்பு, புள்ளி, சுழி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி 25 என்கும். பெங்களூர் அம்மாவின் போனில் 'அருப்புக்கோட்டையிலிருந்து அன்பா...' என்று வந்து நின்றுவிட்டது. அருப்புக்கோட்டையிலிருந்து அன்பாக என்ன? அடியாளா? அவர் திறக்கவில்லை.

மூன்றாவது வரியை யாரோ சிநேகிதன் சொல்லிக் கொடுத்திருக்கிறான்: 'உங்கள் பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது'. உள்ளே திறந்தால், 'உங்களுக்காகவே நிறுத்தி வைத்திருக்கிறோம் ஆடி ஆஃபர்!' என்று இருக்கும்.

மடமடவென்று திறந்தார்கள். "மாமா! சூப்பர் மாமா! பாதிக்குப் பாதி ஓப்பன் ஆயிருச்சு!" என்று எனக்குப் போன்.

"சேலை எத்தனைடா போச்சு?"

"...அது இனிமே போகும் மாமா."

போகவில்லை. மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு போன் வந்தது. ரிட்டயர்டு டீச்சர். அத்தானிடம் பதினாலு வருஷமாக வருஷத்துக்கு நாலு சேலை வாங்குகிறவர். அந்த வாரம்தான் அவருடைய தங்கையிடம் எவனோ 'பார்சல் நிற்கிறது' என்று சொல்லி வங்கி விவரத்தைக் கறந்து பணத்தை உருவியிருக்கிறான். 'தம்பி, ராத்திரி பூரா தூங்கலை. நாமளும் எதிலயோ மாட்டிக்கிட்டோமோன்னு பயந்துட்டேன். என் பேரை உன் லிஸ்ட்டிலிருந்து எடுத்துடு' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அத்தான் அதிகம் பேசாத மனுஷன். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கேட்டார். "ஏன்டா, கடைக்கு வர்ற பொம்பளையாளுக சேலையில மொதல்ல எதைப் பிரிச்சுப் பாக்குறாக?"

"முந்தியை."

"முந்தியில ஒண்ணு காட்டிட்டு உடல்ல வேற நெசவு குடுத்தா, அதுக்குப் பேர் என்ன?"

பையன் வாயைத் திறக்கவில்லை. நான் அசந்துபோனேன். மெயிலிலும் உள்ளே இருப்பதற்கு 'பாடி' என்றுதான் பெயர். உடல்! முந்தியும் உடலும் ஒன்றுக்கொன்று சேர வேண்டும் என்று அமெரிக்காவில் 2003-ல் சட்டமே போட்டார்கள். வியாபார மெயிலில் ஏமாற்றுகிற தலைப்பு வைத்தால் அபராதம். அத்தான் அதைப் படித்ததில்லை, படிக்கவும் அவசியமில்லை.

* * *

அப்புறம் நானும் பையனும் அந்த நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். 'எந்த செக்‌ஷன்?' என்று திருச்சுழிப் பெரியவரின் கேள்வியைப் போட்டேன். அறுநூறு பேரையும் ஒரே கூட்டமாகப் பார்க்காதே. யார் என்ன கேட்டார்கள்? பிரித்தால், கத்தரிப்பூக் கலர் கேட்டு இல்லையென்று போனவர்கள் முப்பத்தெட்டு பேர். தேங்கிக் கிடந்ததில் கத்தரிப்பூ பதினாலு சேலை. அந்த முப்பத்தெட்டு பேருக்கு மட்டும் ஒரு வரி:

'கத்தரிப்பூ கலர் வந்தாச்சு – 14 சேலை'

சரக்கு முதல் வார்த்தையில். எண்ணிக்கை நிஜமான எண்ணிக்கை. 'முந்துங்கள்' என்று சொல்லவே வேண்டாம், 14 என்பதே முந்தச் சொல்கிறது. அனுப்புநர் இடத்தில் 'சேல்ஸ்' என்று இருந்ததை எடுத்துவிட்டு அத்தான் பெயரையும் ஊரையும் போட்டோம். ஏனென்றால் ஜனங்கள் சப்ஜெக்டைப் பார்க்குமுன் யார் அனுப்பியது என்று பார்க்கிறார்கள். வாசலில் யாராவது நின்றால் முகத்தைப் பார்த்துவிட்டுத்தானே என்ன விஷயம் என்று கேட்போம்?

டீச்சரம்மாவுக்குத் தனியாக ஒன்று. 'மன்னிக்கவும்', 'ஒரு விளக்கம்' என்றெல்லாம் பையன் எழுதினான். அடித்துவிட்டேன். 'மன்னிக்கவும்' என்றால் எதற்கு என்று தெரிய அவர் திறக்க வேண்டும். பயந்துபோய் இருக்கிறவரை மறுபடி ஏன் திறக்கச் சொல்கிறாய்? கடைசியில் அனுப்பியது:

'டீச்சர், உங்கள் பார்சல் எதுவும் நிற்கவில்லை'

இந்த மெயிலை அவர் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. மெயில் எழுதும் வித்தையில் இதுதான் உச்சம் என்று நினைக்கிறேன். திறக்க வைப்பதற்குத் தந்திரம் ஆயிரம் இருக்கிறது. திறக்காமலே ஒருவர் நிம்மதியாகத் தூங்கும்படி எழுதுவதற்குத் தந்திரம் எதுவும் கிடையாது. உண்மையை முன்னால் வைக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் காலி. பெரியவர்கள் பலர் செய்வதுபோல விஷயத்தையே சப்ஜெக்டில் எழுதிவிட்டிருந்தார்: 'சரி தம்பி. அப்பா சௌக்கியமா?'

கத்தரிப்பூவில் அந்த வாரம் ஒன்பது போனது. நூல் வந்தது. பாவு போட்டார்கள். கோடி டாலர் இல்லை. இரண்டு ஆள் கூலி.

* * *

இனி, இதைப் படித்துக்கொண்டிருக்கிற ஆபீஸ் வாலிபர்களுக்குச் சில உருப்படியான விஷயங்கள்.

ஒன்று: எது எடுபடும் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். 2012 அமெரிக்கத் தேர்தலில் ஒபாமாவின் ஆட்கள் ஒரே நன்கொடை மெயிலுக்குப் பல தலைப்புகள் எழுதி, கொஞ்சம் கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பார்த்து, ஜெயித்ததை மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். 'என்னைவிட எதிரி அதிகம் செலவழிக்கப் போகிறார்' என்கிற மாதிரி ஒரு தலைப்பு 26 லட்சம் டாலருக்கு மேல் கொண்டுவந்தது. அதே மெயிலுக்கு மோசமான தலைப்பு வைத்திருந்தால் 4 லட்சம் சுமாருக்குத்தான் தேறியிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். எது ஜெயிக்கும் என்று அத்தனை கெட்டிக்காரர்களாலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. நன்றாக ஓடிய இன்னொன்று வெறும் 'ஹே'. நம்மூர்க் கணக்கில் 'என்னப்பா!' ஆனால் ஜனாதிபதி 'என்னப்பா' என்றால் திறப்பார்கள். நீங்கள் உங்கள் ஜி.எம்.முக்கு 'என்னப்பா' என்று போட்டுப் பரிசோதிக்க வேண்டாம்.

இரண்டு: எத்தனை பேர் திறந்தார்கள் என்கிற கணக்கை நம்பிக் குதிக்காதீர்கள். மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத புள்ளி அளவு படம் ஒன்றை வைத்து, அது இறங்கினால் 'திறந்தார்' என்று கணக்கு வைக்கிறார்கள். 2021-லிருந்து ஆப்பிள் கம்பெனி தன் மெயிலில், ஆள் திறக்காவிட்டாலும் படத்தைத் தானே முன்கூட்டி இறக்கி வைத்துவிட வழி செய்துவிட்டது. தூங்குகிறவனும் திறந்தவன் கணக்கில் வருகிறான். எத்தனை பேர் பதில் போட்டார்கள், எத்தனை சேலை போனது? அதை எண்ணுங்கள்.

மூன்று: தொல்லை கொடுத்தால் தபாலே நின்றுவிடும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு நாளைக்கு 5,000-க்கு மேல் மெயில் அனுப்புகிறவர்களுக்குக் கட்டுப்பாடு. 'இது குப்பை' என்று புகார் செய்கிறவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேரை எட்டக் கூடாது. 'இனி அனுப்பாதே' என்று சொல்ல ஒரே சொடுக்கில் வழி இருக்க வேண்டும். போகிறவரைச் சிரித்த முகத்தோடு அனுப்புங்கள். கதவைப் பூட்டினால் கல்லெறிவார்கள்.

நான்கு: ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தது மாதிரி முன்னால் 'ரீ:' போட்டு அனுப்புகிற கெட்டிக்காரத்தனம் வேண்டாம். பஸ்ஸில் முன்பின் தெரியாதவன் 'என்ன மாப்ளே, மறந்துட்டியா?' என்று தோளில் கை போட்டால் நாம் முதலில் பர்ஸைத்தான் தொட்டுப் பார்ப்போம்.

ஐந்து: சேலை விற்காதவர்களுக்கும் இது உண்டு. வேலைக்கு விண்ணப்பம் போடுகிற தம்பிகள் 'ரெஸ்யூம்' என்று ஒரே வார்த்தையில் தலைப்பு வைக்கிறார்கள். அந்த ஆபீசில் அன்றைக்கு வந்த இருநூறும் 'ரெஸ்யூம்'தான். 'அக்கவுன்ட்டன்ட் வேலை – பி.காம், 3 வருஷம் டாலி' என்று போட்டுப் பாருங்கள். கண்ணீருக்கு செக்‌ஷன் கிடையாது, அக்கவுன்ட்டன்ட்டுக்கு உண்டு. லீவு மெயிலுக்கு 'லீவு' என்று போடாமல் 'வெள்ளிக்கிழமை மட்டும் லீவு, பில் வேலை முடித்துவிட்டேன்' என்று போடுங்கள். மேனேஜர் திறக்காமலே சம்மதித்துவிட வாய்ப்புண்டு. பாட்டியைக் கொல்ல வேண்டிய அவசியமே வராது.

எல்லாம் சரி, 'நலம், நலமறிய ஆவல்' வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். உள்ளே வையுங்கள், தாராளமாக வையுங்கள். மழையையும் செவலைப் பசுவையும் விசாரியுங்கள். விஷயம் இன்னது என்று முதலில் தெரிந்துவிட்டால் மனுஷன் சாய்ந்து உட்கார்ந்து மிச்சத்தைப் படிப்பான். பயத்தோடு படிக்கிறவன் பசுவைப் படிப்பதில்லை, பி.கு.வைத்தான் தேடுவான்.

பி.கு: கத்தரிப்பூ தீர்ந்துவிட்டது. அத்தான் தறியில் இப்போது மயில்கழுத்துப் பச்சை ஓடுகிறது. கேட்டு எழுதுகிறவர்கள் சப்ஜெக்டில் கலரைப் போடவும்.